சம்பா அறுத்துவிட்டுத் தென்கோடிக்கு: இரண்டு பேராகப் பனிக்கடல் போய்வர

மன்னார்குடிப் பக்கம் வயல் வைத்திருக்கிறவர்களுக்கு எந்தப் பயணமானாலும் முதலில் அறுவடை முடிய வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஆறு ஏக்கர் சம்பா. நான் புவியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். உலக உருண்டையில் தென் அமெரிக்காவின் வாலைப் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டும்போதெல்லாம் அங்கே ஒரு நாள் போய் நிற்க வேண்டும் என்று ஆசை. ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கி, எனக்கு 62, அவருக்கு 67 வயதில் போய்வந்தோம். அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் கப்பலேறி, மான்டிவீடியோ, புவர்டோ மாட்ரின், ஃபாக்லாந்து தீவு, அண்டார்டிகா தீபகற்பம், உஷுவாயா, புன்டா அரீனஸ் பார்த்து, சிலிக் கரையில் இறங்கினோம். கோயிலில் பார்க்கிறவர்கள், கல்யாண வீட்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் எப்படிப் போனீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

அந்தக் கடலுக்குக் கப்பல் போவது நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். அங்கே அது கோடைக்காலம். நவம்பரில் பனி கசங்காமல் வெள்ளை வெளேரென்று இருக்கும். டிசம்பர், ஜனவரியில் பெங்குவின் குஞ்சு பொரிக்கும். ராத்திரி என்பதே பேருக்குத்தான். பிப்ரவரி, மார்ச்சில் திமிங்கிலம் அதிகம். நாங்கள் தையில் அறுத்து, டிபிசியில், அதாவது அரசு நெல் கொள்முதல் நிலையத்தில், மூட்டையைப் போட்டுப் பணம் கணக்கில் ஏறியதும் மாசி பிறக்கக் கிளம்பினோம். அறுவடைக்கு முன்னால் தெளித்திருந்த உளுந்தை மைத்துனர் பார்த்துக்கொண்டார். சம்பாக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தேதி கிடையாது.

கப்பலில் இரண்டு வகை. சின்னக் கப்பல் அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உஷுவாயாவிலிருந்து போய், ரப்பர் படகில் ஏற்றி அண்டார்டிகா மண்ணிலேயே இறக்கிவிடும். பெரிய கப்பல் பல துறைமுகங்களைத் தொட்டுப் போகும், ஆனால் அண்டார்டிகாவில் கரையிறங்காது. 500 பேருக்கு மேல் பயணிகள் உள்ள கப்பல் அங்கே யாரையும் இறக்கக் கூடாது. சின்னக் கப்பலும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறக்கக் கூடாது. மண்ணை மிதித்தே ஆக வேண்டும் என்பவர்கள் சின்னக் கப்பலுக்கு அதிகப் பணம் கொடுக்கத்தான் வேண்டும். எனக்கு முழங்கால் வலி; ஆடுகிற ரப்பர் படகில் கால் வைத்து இறங்க முடியாது என்று எனக்கே தெரியும். அதனால் பெரிய கப்பல். எனக்கு அதில் குறை தோன்றவில்லை. ‘நம்ம நாட்டு நிலையத்தைப் பார்த்தீங்களா’ என்று பலர் கேட்டார்கள். நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்களான மைத்ரியும் பாரதியும் அந்தக் கண்டத்தின் வேறு பக்கத்தில், வெகு தூரத்தில் இருக்கின்றன. இந்தக் கப்பல் வழியில் வராது.

கேபின் எடுக்கும்போது உயரத்துக்கும் பால்கனிக்கும் ஆசைப்படாதீர்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஏறி இறங்கி ஆடும் சீ-சா பலகையில் ஓரத்தை விட நடுவில் ஆட்டம் குறைவாகத் தெரிவது போலத்தான்.

காகித வேலையை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். கப்பல் அர்ஜென்டினாவை விட்டு வெளியே போய், மறுபடி உஷுவாயாவில் அதே நாட்டுக்குள் நுழையும். ஒரு தடவை மட்டும் நுழையும் விசா இருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். பல முறை நுழையும் விசாவா என்று பாருங்கள். ஃபாக்லாந்து பிரிட்டன் ஆட்சியில் இருக்கிறது. அதற்குத் தனியாக என்ன வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஏஜென்ட் சொன்னதோடு நிற்காமல் தூதரகத்தின் அறிவிப்பையும் நீங்களே படியுங்கள்.

பலர் கோட்டை விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளுக்குப் போய்த் திரும்புகிறவர்களிடம் நம் நாட்டில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுசுக்கும் போதும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். அங்கீகாரம் பெற்ற மையத்துக்குத்தான் போக வேண்டும், நாங்கள் சென்னை கிண்டிக்குப் போனோம். அறுபது தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு ஆபத்து கூடுதல் என்பதால் முதலில் குடும்ப டாக்டரிடம் பேசுங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அந்த ஊசி மருந்து முட்டையில் வளர்த்து எடுப்பது.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது, நடுக்கடலிலிருந்து விமானத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். பல் டாக்டரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பனிக்கடலில் பல்வலி வந்தால் வழியே இல்லை.

இந்தப் பயணத்தில் நான் எதையாவது அழுத்திச் சொல்வேன் என்றால், கப்பல் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே கப்பலேறும் ஊருக்குப் போய்ச் சேருங்கள் என்பதைத்தான். சென்னையிலிருந்து மூன்று விமானம் மாறிப் போனோம். புவனஸ் அயர்ஸில் பெட்டி வரும் பட்டை காலியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் இரண்டு சூட்கேஸும் வரவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, மாத்திரைய உள்ளாரல்ல வச்சேன்” என்றார். சர்க்கரை மாத்திரை. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். நம் ஊர் மாத்திரையின் கம்பெனிப் பேர் அங்கே யாருக்கும் தெரியவில்லை. நல்லவேளையாக டாக்டர் சீட்டில் மருந்தின் பொதுப்பெயரை, மெட்ஃபார்மின் என்று, தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தார். மருந்துக் கடைக்காரப் பெண் அதைப் படித்துவிட்டு உடனே எடுத்துக் கொடுத்தாள். பெட்டி மறுநாள் சாயங்காலம் வந்தது. அன்றைக்கே கப்பலேறுவதாகத் திட்டம் போட்டிருந்தால் பெட்டி இல்லாமலே பனிக்கடலுக்குப் போயிருப்போம். ஆகவே மருந்து, சான்றிதழ், ஒரு செட் கம்பளி உடுப்பு இவை மூன்றும் கைப்பையில். மருந்து இரண்டு பங்கு. ஒன்று உங்களிடம், ஒன்று கூட வருகிறவரிடம். நம் நேரத்துக்கும் புவனஸ் அயர்ஸுக்கும் எட்டரை மணி வித்தியாசம். எந்த மாத்திரையை எந்த மணிக்குப் போடுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

உடுப்பு விஷயம். தீபகற்பத்தில் கோடையில் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இருக்கும். ஆனால் காற்று சேரும்போது அது வேறு குளிர். ஒரே தடிப்பான கோட்டை விட, உள்ளே ஒட்டிய தெர்மல், நடுவில் கம்பளி, மேலே தண்ணீரும் காற்றும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு. பருத்தி நனைந்தால் காயாது, உடம்பை இன்னும் குளிர வைக்கும். வாழ்நாளில் முதல் தடவையாக நான் சேலையை விட்டு பேன்ட் போட்டேன்; பட்டுச் சேலை கப்பலின் விருந்து ராத்திரிகளுக்கு ஆயிற்று. வழுக்காத ஷூ, கறுப்புக் கண்ணாடி, வெயில் கிரீம் மூன்றும் வேண்டும், பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் முகத்தைப் பொசுக்கிவிடும். தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாக உறைந்துவிடும், நல்லெண்ணெய் கொண்டுபோங்கள். செல்போன் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். உள்பையில் உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். நாங்கள் சைவம். முதல் ராத்திரியே தலைமைப் பரிமாறுகிறவரைப் பார்த்து, மறுநாளைக்குப் பருப்பும் சாதமும் கேட்டோம். எங்கள் கப்பல் சமையலறையில் நம் நாட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், அக்கறையாகச் செய்து கொடுத்தார்கள். கரையில்தான் கவனம். ‘மாட்டிறைச்சி இல்லை’ என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு கோழியைப் போட்டுவிடுவார்கள். கோழி, மீன், பன்றி எதுவும் வேண்டாம் என்று ஸ்பானிஷில் எழுதிய சீட்டைக் காட்டுங்கள். கேபினில் எலக்ட்ரிக் குக்கர், ஹீட்டர் எதுவும் அனுமதி இல்லை. பருப்புப் பொடி, நாரத்தங்காய் ஊறுகாய் கொண்டுபோகலாம், ஆனால் சிலியில் இறங்குமுன் தீர்த்துவிடுங்கள். பழம், விதை, இலைதழை விஷயத்தில் அந்த நாட்டுச் சோதனை ரொம்பக் கண்டிப்பு. ஒரு கொத்து கறிவேப்பிலையும் தப்பாது. மிச்சம் இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

ஃபாக்லாந்தின் ஸ்டான்லி துறைமுகத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது, சின்னப் படகில் போக வேண்டும். காற்று பலமாக இருந்தால் இறங்குவதே ரத்து. அதனால் பணம் திரும்பாத தனிச் சுற்றுலா எதையும் அங்கே முன்பதிவு செய்யாதீர்கள். எங்களுக்குக் காற்று வழிவிட்டது. முழங்கால்காரர்களுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே உள்ள ஜிப்ஸி கோவ் போதும். வரப்பில் நண்டு வளை இருக்குமே, அது மாதிரி, ஆனால் தலை நுழையும் அளவு பெரிய வளைகள். ஒரு வளையிலிருந்து மகல்லன் பெங்குவின் ஒன்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து எங்களைப் பார்த்துவிட்டு, கழுதை மாதிரி கத்தியது. அவர் அசந்துபோய் நின்றுவிட்டார். கயிறு கட்டிய பாதையை விட்டு விலகாதீர்கள். வளைக்கு மேலே மிதித்தால் இடிந்துவிடும்.

அன்றைக்கு ராத்திரி கப்பலின் முன்தளத்தில், விளக்கு இல்லாத இடத்தில் போய் நின்று நேர் மேலே பாருங்கள். நம் ஊரில் தை, மாசியில் தெற்கே தென்னை மரத்தை ஒட்டித் தெரியும் அகத்திய நட்சத்திரம் அங்கே உச்சந்தலைக்கு மேல் நிற்கும். தென்திசை போன முனிவரின் நட்சத்திரத்தின் கீழேயே வந்து நிற்கிறோம் என்று எனக்குக் கண் கலங்கியது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் கடல்தான். அந்த அட்சரேகையில் உலகைச் சுற்றி நிலம் எங்கும் குறுக்கே வராது. மேற்கிலிருந்து வரும் காற்றும் நீரோட்டமும் தடையில்லாமல் ஓடிவந்து, தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்னுக்கும் அண்டார்டிகாவை ஒட்டிய தீவுகளுக்கும் இடையே சுமார் 800 கிலோமீட்டர் அகல டிரேக் நீரிணைக்குள் நெருக்கியடித்துப் புகும். வாந்தி மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, முன்னாலேயே போடுங்கள். ஊரிலேயே ஒரு முறை போட்டு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பாருங்கள். புராஸ்டேட், கண் நீர் அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. வயிற்றைக் காலியாக விடாமல் ரொட்டி, பச்சை ஆப்பிள், சுக்கு. உப்பு நாரத்தங்காயை வாயில் அடக்கிக்கொண்டு அவர் இரண்டு நாளையும் கடந்தார். ராத்திரி அலமாரிக்குள் ஹேங்கர்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன, இழுப்பறை தானாகத் திறந்து மூடியது. ஹேங்கர்களைக் கழற்றிக் கீழே படுக்க வையுங்கள், மெத்தை ஓரத்தில் போர்வையைச் சுருட்டிச் செருகுங்கள். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில். கதவிடுக்கில் மட்டும் விரலை வைக்காதீர்கள், எங்கள் வரிசையில் ஒருவருக்கு விரல் நசுங்கிவிட்டது.

மூன்றாம் நாள் ஆட்டம் அடங்கும். முந்தின ராத்திரியே ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கி வைத்து, விடியற்காலை நாலரைக்கு அலாரம் வையுங்கள். கூட்டம் பத்து மணிக்குத்தான் மேலே வரும். நாங்கள் போனபோது அண்டார்டிகா தீபகற்பத்தை ஒட்டிய கெர்லாஷ் நீரிணையில் தண்ணீர் எங்கள் ஊர்க் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. பனிப்பாறைகளில் சில பாலாடை வெள்ளை, சில மயில் கழுத்து நீலம். காற்றுக் குமிழெல்லாம் அழுந்தி வெளியேறிய பழைய பனிதான் அந்த நீலம். கீழே மிதந்த சின்னத் துண்டுகளிலிருந்து அப்பளம் பொரிகிற மாதிரி சடசடவென்று சத்தம். உருகும் பனிக்குள் அடைபட்டிருந்த காற்று வெடித்து வெளியே வருகிறது என்று அவருக்குச் சொன்னேன். “எத்தனை வருஷத்துக் காத்தோ” என்றார். பிறகு இடது பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. கூன்முதுகுத் திமிங்கிலம், குட்டியோடு. கேமராவைத் தேடிக்கொண்டிருக்காமல் அந்தப் பக்கக் கைப்பிடிக்குப் போய்விடுங்கள். சத்தம் கேட்ட பிறகு வால் தூக்கி முழுகுவதற்குள் நாலைந்து மூச்சு நேரம் கிடைக்கும்.