ஜப்பான் வண்டி, ரங்கூன் ரோடு: ப்ரோபாக்ஸுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகள்

ரங்கூனில் எந்தத் தெருவில் நின்றாலும் கண்ணில் படுவது டொயோட்டா ப்ரோபாக்ஸ். 2002-ல் ஜப்பானில் சரக்கு ஏற்றுவதற்கென்று வந்த வண்டி இது. அங்கே இடதுபக்கம் ஓடியது, குளிரிலும் நல்ல தார் ரோட்டிலும் ஓடியது. இங்கே 1970 டிசம்பர் 6 முதல் எல்லோரும் வலதுபக்கம் ஓட்டுகிறோம். ஏப்ரலில் அனல், மே முதல் அக்டோபர் வரை தெருவெல்லாம் தண்ணீர். அலாய் வீலும் பெரிய ஸ்பீக்கரும் வாங்குவதற்கு முன் வண்டியை இந்த ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும். கீழே உள்ள அளவுகள் 1.5 லிட்டர் 1என்இசட்-எஃப்இ எஞ்சினுக்கு உரியவை. விட்ஸ் போன்ற மற்ற டொயோட்டாக்கள் சிலவற்றிலும் இதே எஞ்சின்தான் இருக்கிறது.

வண்டிக்கு அடியில் போகிற வேலை என்றால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். மழைக்கால மண்ணில் ஸ்டாண்ட் கால் சத்தமில்லாமல் புதையும், கீழே தடித்த பலகை போடுங்கள். சிமெண்ட் கல்லை அடுக்கி வண்டியை நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கல் விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகும்.

ஹெட்லைட்: முதலில் இதுதான்

ஜப்பான் ஹெட்லைட்டின் டிம் ஒளியைச் சுவரில் அடித்துப் பாருங்கள். மேல் விளிம்பு வலதுபுறம் நேர்கோடாக இருக்கும், இடதுபுறம் சுமார் 15 டிகிரி மேலே ஏறும். இடதுபக்கம் ஓட்டுகிற ஊரில் அந்த ஏற்றம் ரோட்டோரத்தில் நடப்பவரைக் காட்டும். நம் ஊரில் அது எதிரே வருகிறவர் கண்ணில் நேராக விழுகிறது. பகலில் யாருக்கும் தெரியாத இந்தக் கோளாறு, மழை இரவில் பெகு ரோட்டில் எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரரைக் குருடாக்கும்.

டயர்களில் சரியான காற்று அடித்து, ஓட்டுகிறவர் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து பல்பின் நடு உயரத்தை அளந்து சுவரில் ஒரு கோடு, அதற்கு 5 செ.மீ. கீழே இன்னொரு கோடு. டிம் ஒளியின் நேரான விளிம்பு இந்தக் கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும். லைட்டுக்குப் பின்னால் உள்ள திருகை ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் திருப்பி இறக்குங்கள். ஒரு லைட்டைச் சரிசெய்யும்போது மற்றதைத் துணியால் மறைக்காதீர்கள், ஹாலஜன் சூட்டில் துணி கருகும். ஓர் அட்டையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் போதும்.

அடுத்து அந்த இடதுபக்க ஏற்றத்தைக் கொல்ல வேண்டும். டொயோட்டா விட்ஸ், ஹோண்டா ஃபிட் போன்ற மாடல்கள் வலதுபக்க ஓட்ட நாடுகளிலும் வேறு பெயர்களில் விற்றவை. அவற்றுக்குச் சரியான லைட் ஜோடி கிடைத்தால் அதை மாட்டுவதே நல்லது. ப்ரோபாக்ஸுக்கு மறைப்புதான் கைக்கு எட்டும் வழி. மூன்று விரல் அகல அட்டைத் துண்டை லைட் கண்ணாடியின் மேல் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் வைக்கும்போது சுவரில் இடதுபுற மேடு மட்டும் மறைகிறதோ அந்த இடத்தை மார்க்கரால் குறியுங்கள். அந்த அளவுக்கு மட்டும் கருப்பு வினைல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பிறகு பத்து நிமிடம் எரியவிட்டுக் கைவைத்துப் பாருங்கள். தொட முடியாத சூடோ, ஸ்டிக்கர் ஓரம் சுருளுவதோ தெரிந்தால் உடனே எடுத்துவிட்டுச் சிறியதாக வெட்டுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் கண்ணாடி கலங்கிவிடும். மேடு முழுதும் மறையாவிட்டாலும் பாதி குறைந்தாலே எதிரே வருகிறவர் வாழ்த்துவார்.

வெளிச்சம் போதவில்லை என்று எச்4 ஹாலஜன் இடத்தில் எல்இடி பல்ப் மாட்டுகிறவர்கள் பலர். அந்த ரிஃப்ளெக்டர் 60/55 வாட் கம்பி இழை இருக்கிற இடத்தைக் கணக்கிட்டு வார்த்தது. இழையின் இடமும் வடிவமும் மாறினால் ஒளி நாலா பக்கமும் சிதறும். ஓட்டுகிறவருக்குப் பளிச்சென்று இருக்கும், தூரத்தில் ஒன்றும் தெரியாது. 100/90 வாட் பல்ப் அதைவிட மோசம், அது சாக்கெட்டையே உருக்கும்.

மங்கலுக்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் வயர்தான். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். லைட்டைப் போட்டபடியே பல்ப் சாக்கெட்டின் இரண்டு முனைகளுக்கு நடுவில் அளந்து பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட் குறைந்தால் பரவாயில்லை, ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வேலை இருக்கிறது. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு விழுந்தால் ஹாலஜன் ஒளி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விழும். முதலில் பாடியில் எர்த் போல்ட்டைக் கழற்றி, துரு சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டுங்கள். பாதி வண்டிகள் இதிலேயே சரியாகும்.

சரியாகாவிட்டால் ரிலே, அதாவது சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ம் முனை. 87-லிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒன்று. இரண்டு டிம் பல்பும் சேர்ந்து 110 வாட், சுமார் 8 ஆம்பியர், ஆகவே இந்த வயரும் ஃபியூஸும் தாராளம். ஆனால் வயரை வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை: டொயோட்டாவில் பல வண்டிகளுக்கு ஹெட்லைட் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கிறது. மீட்டரின் கருப்பு முனையைப் பாடியில் வைத்து, சாக்கெட்டின் மூன்று முனைகளையும் பாருங்கள். டிம்மிலும் பிரைட்டிலும் ஒரே முனையில் 12 வோல்ட் நின்றால் உங்களுடையது எர்த் சுவிட்ச். கடையில் கிடைக்கும் சாதாரண ரிலே கிட் அதற்குச் சரிவராது. எர்த் வகைக்கென்று செய்ததைக் கேட்டு வாங்குங்கள்.

முந்துவதற்கு ஒரு வார்த்தை. ஸ்டியரிங் வலதில், ரோடும் வலதில் என்பதால் ஓட்டுகிறவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் போகும் லாரிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கண்ணாடியின் இடது ஓரத்தில், வைப்பர் துடைக்கும் பகுதிக்குள், ஒரு சின்ன கேமரா வைத்து டேஷ்போர்டில் திரை மாட்டலாம். ஆனால் படம் தாமதமாக வரும், தூரத்தைச் சரியாகச் சொல்லாது. லாரியை விட்டு நன்றாகப் பின்வாங்கி நின்றால் கேமரா காட்டுவதைவிட அதிகம் தெரியும். ரோடு வலதுபக்கம் வளைகிற இடத்தில் நம் பக்கத்திலிருந்தே முன்னால் தெரியும், அங்கே எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயில்

இது சீக்கிரம் முடிகிற வேலை. ஃபில்டரோடு மாற்றினால் 3.7 லிட்டர், ஃபில்டர் இல்லாமல் 3.4. கடையில் டப்பா 4 லிட்டர், மிச்சம் எதற்கு என்று முழுவதையும் ஊற்றுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. அதிகமான ஆயிலை எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் அடித்து நுரையாக்கும், நுரை சரியாக மசகு கொடுக்காது, சீல் வழியாகவும் கசியும். 5டபிள்யூ-30 நம் வெயிலுக்குப் போதும். பழைய எஞ்சின் ஆயில் குடித்தால் 10டபிள்யூ-30.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வெதுவெதுப்பில் 14 மி.மீ. ஸ்பேனரால் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றுங்கள். வாஷர் புதியது போடுங்கள், முறுக்கு சுமார் 37 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் மேலும் ஒரு தட்டு என்று முறுக்கி சம்ப்பின் (அடியில் உள்ள ஆயில் தொட்டியின்) மரையை உரித்துவிடுவார்கள், பிறகு சம்ப்பையே மாற்ற வேண்டியதுதான். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, ரப்பர் தொட்டபின் கையால் முக்கால் சுற்று. பழைய வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ரோட்டில் ஆயில் கொட்டிவிடும்.

இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, டைமிங் செயின். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கடகட சத்தம் வந்தால் முதலில் ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கை இழுங்கள். ஆயில் குறைகிறதென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்ததாக முடிவுகட்டுமுன் பிசிவி வால்வை (எஞ்சினுக்குள் சேரும் ஆவியைக் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டுக்குத் திருப்பிவிடும் வால்வு) கழற்றி ஊதுங்கள்: எஞ்சின் பக்கத்திலிருந்து காற்று எளிதாகப் போக வேண்டும், மேனிஃபோல்ட் பக்கத்திலிருந்து ஊதினால் கஷ்டப்பட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால் மாற்றுங்கள். பழைய ஆயிலை சாக்கடையில் ஊற்ற வேண்டாம், மழை வந்தால் அது வீட்டு வாசலுக்கே திரும்பி வரும்.

எரிபொருளில் காசு வீணாக்காதீர்கள். இதன் அழுத்த விகிதம் 10.5, ஜப்பானில் சாதாரண பெட்ரோலுக்குச் செய்தது. 92 ஆக்டேன் போதும்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஏன் கூடாது

பனி இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று குழாய்த் தண்ணீர் ஊற்றுவது பரவலான பழக்கம். கூலன்ட் பனியை மட்டும் தடுப்பதில்லை. அலுமினியத்தை அரிக்காமல் காக்கும், வாட்டர் பம்ப் சீலுக்கு மசகு கொடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். கிணற்றுத் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் ஊசிக்குழல்களில் படிந்து, மூன்று கோடைக்குள் பாதியை அடைக்கும்.

எஞ்சின் முழுக்க ஆறியபின் மூடியைத் திறந்து, கீழே உள்ள வால்வைத் திறந்து வடியுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, எஞ்சினைச் சூடாக்கி, ஆறவைத்து மறுபடி வடியுங்கள், துரு நிறம் போகும்வரை. பிறகு டொயோட்டாவின் சிவப்பு கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிப்பாதி. இளஞ்சிவப்பு டப்பா ஏற்கனவே கலந்து வருவது, அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. பச்சையோடு சிவப்பைக் கலக்காதீர்கள்.

காற்று வெளியேற்றுவதில்தான் பலர் தவறுகிறார்கள். மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் 80 முதல் 84 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அப்போது மட்டம் இறங்கும், கீழ் ஹோஸ் சூடாகும், குமிழ்கள் வரும். குமிழ் நின்றபின் நிரப்பி மூடுங்கள். ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே காற்று இன்னும் சிக்கியிருக்கிறது. மறுநாள் காலை ரிசர்வ் டப்பாவைப் பாருங்கள்.

மூடியையும் அலட்சியம் செய்ய வேண்டாம். 1.1 என்று அச்சிட்ட மூடி அழுத்தத்தைப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், பிடிக்காவிட்டால் 100-லேயே. ரப்பர் வெடித்திருந்தால் அடுத்த நாளே மாற்றுங்கள், விலை ஒரு வேளைச் சாப்பாடுதான். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பு நிறமாகிவிட்டால் மடிப்பில் விரிசல் வரப்போகிறது. திஞ்சானுக்கு (ஏப்ரல் தண்ணீர்த் திருவிழா) முன் மாற்றுவது புத்திசாலித்தனம், அந்த நெரிசலில் நின்று நின்று போகும்போதுதான் வெடிக்கும்.

காற்று, பிளக்

கோடையில் மாந்தலே ரோட்டில் போய்வந்தால் ஏர் ஃபில்டர் ஒரே பயணத்தில் செம்மண் நிறமாகும். ஊதுவதென்றால் சுத்தமான பக்கத்திலிருந்து ஊதுங்கள். அழகுக்காக மாட்டும் கோன் ஃபில்டர் எஞ்சின் அறையின் சூடான காற்றை இழுக்கும், சத்தம்தான் கூடும், சக்தி கூடாது. அதன் குழாயைக் கீழே இறக்கிக் குளிர்ந்த காற்று வாங்கவைத்தால் ஆகஸ்டில் அதுவே எமன், ஏன் என்பது கீழே வருகிறது. உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியைத் தொடக்கூடாது, துணியும் கூடாது, அதற்கென்று உள்ள ஸ்பிரே மட்டும்.

ஸ்பார்க் பிளக் கழற்ற அதன் மேல் உட்கார்ந்திருக்கும் காயிலின் 10 மி.மீ. போல்ட், பிறகு 16 மி.மீ. பிளக் சாக்கெட். சூடான அலுமினிய ஹெட்டில் கழற்றாதீர்கள், மரை கையோடு வரும். இடைவெளி 1.1 மி.மீ. புது பிளக்கைக் கையால் முழுதும் முறுக்கி, வாஷர் தொட்டபின் சாவியால் அரைச் சுற்று. பிளக் குழியில் ஆயில் நின்றால் வால்வ் கவர் கேஸ்கட்டின் குழல் சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் பிளக் மட்டும் மாற்றினால் காயில் ரப்பர் ஊறி எஞ்சின் துடிக்கும்.

தெருவில் தண்ணீர் நிற்கும்போது

காற்று எடுக்கும் குழாயின் வாய் தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று டேப்பால் அளந்து மனதில் வையுங்கள். தண்ணீர் அந்த உயரத்துக்கு வராவிட்டாலும் எதிரே வரும் பஸ் கிளப்பும் அலை வரும். தண்ணீரை அழுத்த முடியாது. ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

தண்ணீரில் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. நின்ற எஞ்சினைக் காப்பாற்றலாம், இரண்டாவது முறை சாவி திருப்பியதில்தான் பல எஞ்சின்கள் போகின்றன. தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் நான்கு காயில்களையும் நான்கு இன்ஜெக்டர்களின் சாக்கெட்டையும் கழற்றி, நான்கு பிளக்கையும் எடுங்கள். குழிகளின் மேல் குனிந்து நிற்காமல் ஸ்டார்ட்டரை ஐந்து ஐந்து நொடியாகச் சுற்றுங்கள், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். வந்து முடிந்தபின் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில். டிப்ஸ்டிக்கில் பால் காப்பி நிறம் தெரிந்தால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அரைமணி ஓட்டி மறுபடி மாற்றுங்கள்.

ராட் வளைந்ததா என்று பார்க்க ஒரு நீண்ட ஸ்ட்ரா போதும். எஞ்சினைக் கையால் சுற்றி, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சத்துக்கு வரும்போது ஸ்ட்ராவில் பிளக் குழி மட்டத்தைக் குறியுங்கள். நான்கு குறிகளும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு குறி மட்டும் மாறியிருந்தால் பிளக்கைத் திரும்ப மாட்ட வேண்டாம், மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துப் போங்கள்.