கால் மரத்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பத்து வருஷமா சுகர் இருக்கு, ஆனா கால்ல ஒரு வலியும் இல்ல” என்று யாராவது நிம்மதியாகச் சொன்னால் எனக்குக் கவலைதான் வருகிறது. வலி இல்லாமல் இருப்பது வேறு, இருக்கிற வலி தெரியாமல் போவது வேறு. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றவை எல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

தோலில் தொடுதல், அழுத்தம், சூடு, வலி ஆகியவற்றை உணர வெவ்வேறு நரம்பு முனைகள் இருக்கின்றன. சூடு ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஒரு புரதம் திறந்துகொண்டு மூளைக்குச் சேதி அனுப்புகிறது. மிளகாய் பட்டால் எரிவதும் அதே புரதத்தால்தான். அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் நீளமான நரம்புகள்தான் பெரும்பாலும் முதலில் பழுதாகும். அதனால் மரத்துப்போவது கால்விரல்களில் ஆரம்பித்து, சாக்ஸ் போட்ட அளவுக்கு மெல்ல மேலே ஏறும்.

இப்படிப்பட்ட காலை வெந்நீருக்குள் விட்டுச் சூடு பார்க்கவே கூடாது. “இதமாத்தான் இருக்கு” என்று கால் சொல்லும், மறுநாள் கொப்புளம் நிற்கும். முழங்கையால் பாருங்கள், அல்லது வீட்டில் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஒத்தடப் பையும் வேண்டாம். மதிய வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றுவதும் அப்படித்தான். காலையிலோ மாலையிலோ போனால் சாமி கோபித்துக்கொள்ளாது.

செருப்பு விஷயத்தில் நடப்பது கொஞ்சம் விசித்திரமானது. உணர்வு குறைந்தவர்களுக்குச் சரியான அளவுச் செருப்பு லூசாக இருப்பதுபோல் தோன்றும். இறுக்கமாக இருந்தால்தான் போட்டிருப்பதே தெரியும் என்று சின்ன அளவாக வாங்கிவிடுவார்கள். வார் அழுத்தும் இடம் புண்ணாகும். வேலூர் சி.எம்.சி.யில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால் சிதைவதற்குப் பெரும் காரணம் வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதே என்று எடுத்துக்காட்டினார். தொழுநோய் மருத்துவமனைகளில் பழக்கமான மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவுகிறது. போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிடுங்கள். ஒரு சின்னக் கல் கிடந்தாலும் நாள் முழுக்கத் தெரியாது.

ஆணிக்காலை பிளேடால் சீவுவது, கடையில் விற்கும் கார்ன் கேப் ஒட்டுவது, இரண்டும் வேண்டாம். கார்ன் கேப்பில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். காலுக்கு கிரீம் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

கால் எரிச்சலுக்குக் கடையில் “நரம்பு மாத்திரை” வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் பரவலான தவறு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்டகாலம் சாப்பிடுபவர்களுக்கு, நரம்புக்குத் தேவையான பி12 வைட்டமின் குறையலாம். அது உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டு, டாக்டர் சொல்வதைச் சாப்பிடுங்கள்.

சரி, உணர்வு இருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது? ஊசியால் குத்திப் பார்ப்பார்கள், அது கூடவே கூடாது. கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, மொத்தம் ஆறு இடங்களை, ஆட்காட்டி விரலால் மெதுவாக ஓரிரு நொடி தொடட்டும். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது, ஒருமுறை தெரியாத இடத்தை மறுபடி தொடவும் கூடாது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்கள் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். காயமோ கொப்புளமோ தெரிந்தால், வலிக்கவில்லையே என்று அதன்மேல் நடந்து திரியாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.