ரைபிள் குழலில் படிந்த செம்பை டார்ச் பேட்டரியால் இறக்குவது எப்படி

சேலத்தில் கொலுசுப் பட்டறைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், முலாம் போடும் தொட்டியில் நடப்பதைத் திருப்பிப் போட்டால் அதுதான் இந்த வேலை. குழலுக்குள் ஒரு கரைசலை ஊற்றி, குழலை பாசிட்டிவில் கட்டி, அதன் நடுவே ஓர் இரும்புக் கம்பியை நெகட்டிவில் தொங்கவிட்டால், உள்ளே ஒட்டிக்கிடக்கும் செம்பு கரைந்து கம்பிக்கு வந்துவிடும். பிரஷ் போட்டு மணிக்கணக்கில் தேய்க்க வேண்டியதில்லை.

முதலில் உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள். ஏற்காட்டு எஸ்டேட் வீடுகளில் இருக்கும் 12 போர் துப்பாக்கிக்கு வேண்டாம், அதில் போவது ஈயச் சன்னம்தான். ஏர் ரைபிளுக்கும் சாதா ஈயக் குண்டு போடும் .22க்கும் அப்படியே. செம்புக் கலவை உறை போட்ட குண்டு போகும் .315 மாதிரி ரைபிளுக்குத்தான் இந்தச் சமாச்சாரம். வாய்ப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்களில் ஆரஞ்சு நிறக் கோடு ஓடினால் செம்பு இருக்கிறது. இல்லையென்றால், குறி ஒழுங்காக விழுகிற துப்பாக்கியைச் சும்மா நோண்டாதீர்கள். உள்ளே குரோம் பூசிய குழலுக்கும் இது ஆகாது, பூச்சே கெட்டுப்போகலாம்.

தேவையானவை: ஒரு பெரிய டார்ச் பேட்டரி (1.5 வோல்ட்), அதற்கேற்ற பல்பு, இரண்டு முதலை கிளிப், ரப்பர் கார்க், 4 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி, வெள்ளை வினிகர், அம்மோனியா, டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதில் இருக்கும் உப்பு குழலைப் பொத்தல் பொத்தலாக அரித்துவிடும். கரைசலில் மின்சாரம் நன்றாக ஓடட்டும் என்று கல்லுப்பைப் போடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

லேப் கடையில் கிடைக்கும் 25 சதவீத அம்மோனியாவை அப்படியே ஊற்றக் கூடாது. ஒரு பங்கை நாலு பங்கு தண்ணீரில் கலந்து நீர்க்க வைத்து, அதில் ஒரு பங்கு, வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்று கலந்தால் போதும். குழல் பிடிக்கிற அளவு ரொம்பக் கொஞ்சம், அரை டம்ளர் கலந்தாலே மிச்சம் விழும். காற்றோட்டமான திண்ணையில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கத்தில்கூட இருக்க வேண்டாம், அம்மோனியாவோடு சேர்ந்தால் விஷவாயு.

சரி, வேலைக்கு வருவோம். தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்து, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றி, மரக்கட்டையையும் பிரித்து வையுங்கள். குழலுக்குள் இருக்கும் எண்ணெயையும் மருந்துக் கரியையும் முதலில் துடைத்தெடுக்க வேண்டும், எண்ணெய்ப் படலம் இருந்தால் அந்த இடத்தில் செம்பு அசையாது. அடிப்பக்கம் கார்க்கை இறுக்கி, வாய் மேலே இருக்க செங்குத்தாக நிறுத்துங்கள். வாயைச் சுற்றித் துணி கட்டுங்கள், வினிகர் வெளியே வழிந்தால் கருநீலப் பூச்சு போய்விடும். கம்பியின் இரு முனையிலும் இன்சுலேஷன் டேப்பை வளையமாகச் சுற்றி, குழலில் எங்கும் உரசாமல் நடுவில் இறக்குங்கள். அப்புறம் புனல் வைத்துக் கரைசலை ஊற்றலாம்.

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பல்பு வழியாகக் குழலுக்கு, நெகட்டிவ் நேராகக் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் கம்பிதான் கரையும், குழலில் இருக்கும் செம்பு அப்படியே கிடக்கும். பல்பு பளிச்சென்று எரிந்தால் கம்பி எங்கோ தொடுகிறது என்று அர்த்தம், உடனே கழற்றுங்கள். 12 வோல்ட் பைக் பேட்டரியை மாட்டினால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். முடியும், செம்போடு சேர்த்து வரிப்பள்ளத்தின் விளிம்பும் முடிந்துவிடும். 3 வோல்ட்டைத் தாண்டவே கூடாது.

கால் மணிக்கு ஒரு தடவை கம்பியை வெளியே எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் ஏறியிருந்தால் ஸ்கிரப்பரால் தேய்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள், கரைசல் துருசுத் தண்ணீர் மாதிரி நீலமானால் புதிதாக மாற்றுங்கள். கம்பியில் செம்பு நிறமே இல்லாமல் கருப்பாக மட்டும் வந்தால் அன்றோடு நிறுத்த வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் ஓடும் மின்சாரம் கரைப்பது இரும்பைத்தான். மாட்டிவிட்டு ராத்திரி தூங்கப் போகிற வேலை இது இல்லை.

முடிந்ததும் டிஸ்டில்டு வாட்டரில் நன்றாகக் கழுவி, காய்ந்த துணித் துண்டுகள் ஈரமில்லாமல் வரும்வரை ஓட்டி, உடனே எண்ணெய் விடுங்கள். சேலத்தில் ஒரு நாள் தள்ளினாலும் தப்பிக்கலாம், ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் வெறும் இரும்பு விடிவதற்குள் துரு பிடிக்கும். மிச்சமான நீலத் தண்ணீரைக் கிணற்றோரமோ ஓடையிலோ கொட்டாதீர்கள், மீனுக்குச் செம்பு விஷம்.

அடுத்து சுடும்போது எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டுச் சுடுங்கள். சுத்தமான குழலில் முதல் சில குண்டுகள் வழக்கமான இடத்தை விட்டுத் தள்ளி விழலாம், அதைப் பார்த்து குறிபார்க்கும் சைட்டைத் திருகிவிடாதீர்கள்.