விறகடுப்பு எரியும் வீட்டில் சுவர்ச் சாயம் பழுப்பேறாமல் இருக்க

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டுப் பின்கட்டில் இன்னும் விறகடுப்பு எரிகிறது. ரப்பர் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. 14 கிலோ எரிவாயுத் தோம்பும் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனாலும் அம்மா குளிக்க வெந்நீர் போடுவதும், ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி கொதிப்பதும் அந்த அடுப்பில்தான். அதை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் சுவரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டேன்.

ஒரு தீபாவளிக்கு முன் சுவரைத் துடைத்துவிட்டு நேராக வெள்ளைச் சாயம் இரண்டு பூச்சு அடித்தேன். பண்டிகை முடிவதற்குள் தேநீர் சிந்தியதுபோல் பழுப்பு வட்டங்கள் மேலே வந்துவிட்டன. சாயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. விறகுப் புகையில் கறுப்புக் கரித்தூள் மட்டும் இல்லை, சரியாக எரியாத மரத்திலிருந்து வரும் பிசினும் இருக்கிறது. தண்ணீர்ச் சாயத்தின் ஈரம் அந்தப் பிசினைக் கரைத்து மேலே இழுத்துக்கொண்டு வரும். இதைப் புரிந்துகொண்டால் மற்ற வேலையெல்லாம் சுலபம்.

முதலில் விறகு

சுவர் வேலை விறகிலிருந்தே தொடங்குகிறது. எங்கள் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் ரப்பர் மரக் கிளைகள். மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்க்கும்போது அடிமரம் மேசை நாற்காலி செய்யப் போய்விடும், கிளைகள் விறகாக வரும். பச்சை ரப்பர் கட்டையை அடுப்பில் வைத்துப் பாருங்கள். வெட்டிய முனையில் நுரை கொப்பளிக்கும், 'உஸ்' என்று சத்தம் வரும், புகை வெள்ளையாகக் கிளம்பும். சுவரைக் கெடுப்பது அந்தப் புகைதான்.

கட்டையை மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்து, தரையில் படாமல் செங்கல்மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மேலே தகரம் இருக்கட்டும், பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். ரப்பர் மரத்தில் பூசணமும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும் என்பதால் பிளக்காமல் போட்டு வைக்காதீர்கள். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டும்போது 'டக்' என்று கணீரென ஒலித்தால் காய்ந்துவிட்டது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பற்றவைக்க உலர்ந்த ஒட்டுப்பாலையோ (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) பழைய டியூப் துண்டையோ வைக்கும் பழக்கம் தோட்டத்து வீடுகளில் உண்டு. நன்றாகப் பற்றும், ஆனால் அந்தக் கறுப்புப் புகை சுவரில் எண்ணெயாக ஒட்டும், மூச்சுக்கும் கேடு. தேங்காய் நார், மெல்லிய சிராய் போதும். சாயம் அடித்த பழைய பலகையையும் எரிக்க வேண்டாம்.

காற்று

எரியும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்புக்கு மேல் தகரக் கூண்டும் கூரையைத் தாண்டும் குழாயும் இருந்தால் பாதி வேலை குறைந்துவிடும்.

துடைப்பது: முதலில் ஈரம் கூடாது

எல்லோரும் தவறுவது இங்கேதான். கரிச் சுவரில் ஈரத்துணி பட்டால் கரி குழம்பாகிச் சாயத்துக்குள் இறங்கிவிடும். அடுப்பு ஆறிய மறுநாள், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாக மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். மூலைகளில் நான் உலர்வாகப் பிசைந்த கோதுமை மாவு உருண்டையை ஒற்றி எடுக்கிறேன். தேய்க்கக் கூடாது, ஒற்ற மட்டும் வேண்டும். பிள்ளைகள் விளையாடும் பிளே-டோ களிமண்கூட அமெரிக்காவில் முதலில் சுவர்த்தாளில் படிந்த நிலக்கரிப் புகையை எடுக்க விற்கப்பட்ட மாவுதான். 1950களில்தான் அது விளையாட்டுப் பொருள் ஆனது.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, இந்த முறை கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக வழியும், அந்தக் கோடு போகவே போகாது. கடைசியில் நல்ல தண்ணீரால் துடையுங்கள். பூசணப் புள்ளிகள் இருந்தால் குளோரின் திரவத்தைத் தண்ணீர் கலந்து தடவலாம். அதோடு வினிகரையோ அமோனியா உள்ள வேறு எதையுமோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

பிரைமர்

சாயத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சுதான் பிரைமர். கடையில் 'கறை தடுக்கும் எண்ணெய் வகை பிரைமர்' என்று கேட்டு வாங்குங்கள். இந்த வேலைக்குச் சாதாரண தண்ணீர் பிரைமரை நம்ப வேண்டாம். சுவர் முழுவதும் காய்ந்த பிறகு ஒரு பூச்சு. மறுநாள் பழுப்பு தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொன்று. இதன் ஆவி தீப்பிடிக்கும். அடுப்பில் தணல்கூட இருக்கக் கூடாது, எரிவாயுத் தோம்பையும் மூடிவிடுங்கள். அன்று சமையலை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயம்

கழுவக்கூடிய, லேசான பளபளப்புள்ள சாயமாக இரண்டு பூச்சு. மங்கல் சாயம் பார்க்க அழகுதான், ஆனால் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூய வெள்ளையைவிட வெளிர் சந்தன நிறம் அடுப்பங்கரைக்கு ஏற்றது.

தீபாவளிக்காகக் காத்திருக்காதீர்கள். பேராக்கில் அக்டோபர், நவம்பரில் மழை அதிகம், சுவர் காயவே காயாது. ஜூன், ஜூலையில் மழை குறைவு. நான் இப்போது அந்த மாதங்களில்தான் அடிக்கிறேன்.

அதன்பின் வாரம் ஒருமுறை அடுப்புப் பக்கச் சுவரை உலர்ந்த துணியால் தட்டி, மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். மிஞ்சிய சாயத்தைச் சிறு போத்தலில் இறுக மூடி, நிற எண்ணையும் தேதியையும் மூடியில் எழுதி வையுங்கள். அம்மா சூடான அண்டாவை இறக்கும்போது சுவரில் உரசும் அந்த ஒரு முழ இடத்துக்கு அது அடிக்கடி தேவைப்படுகிறது.