ஒடிசாவில் முதல் போடுவதற்கு முன்

என் அண்ணன் மகன் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறான். நாலு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. போன மாதம் வீட்டுக்கு வந்தவன், “சித்தப்பா, ஒடிசாவுல இரும்பு, கரி, அலுமினியம் எல்லாம் கொட்டிக் கிடக்குதாம். அங்க ஏதாவது போடலாமா?” என்று கேட்டான். 22 வருஷம் சேலத்திலிருந்து ரூர்கேலா, ஜார்சுகுடா, பர்பில் என்று உலைச் செங்கலுக்கு ஆர்டர் பிடிக்கவும் பாக்கி வசூலிக்கவும் அலைந்தவன் நான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர் மலைகளைப் பாருங்கள். பள்ளிக்கூட நாளில் கஞ்சமலைச் சித்தர் கோயில் ஓடையில் நூலில் காந்தத்தைக் கட்டி இழுப்போம். கருமணல் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அத்தனையும் இரும்புத் தாது. அந்த மலையை நம்பித்தான் சேலத்துக்கு உருக்காலை வேண்டும் என்று கேட்டார்கள், 1970-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் 1980-களின் தொடக்கத்தில் ஆலை ஓட ஆரம்பித்தபோது அது வெளியிலிருந்து வந்த எவர்சில்வர் எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாக இருந்தது. கஞ்சமலை அப்படியே நிற்கிறது. அந்தத் தாதுவில் இரும்பு 35 சதவீதம் வாக்கில்தான். பக்கத்தில் நிலக்கரியும் இல்லை. ஏற்காட்டின் உச்சியிலும் அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் எடுத்தார்கள். அது மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. உலகமெங்கும் அலுமினிய விலை விழுந்த 2008-இல் அந்த உலை நின்றது.

மண்ணுக்குள் இருப்பது வேறு, அதைப் பணமாக்குவது வேறு என்பதற்கு நமக்கு வேறு பாடம் தேவையில்லை. ஒடிசாவைப் பார்க்கும்போதும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

சரி, அங்கே என்ன இருக்கிறது? இந்தியாவில் வெட்டும் இரும்புத் தாதுவில் பாதிக்கு மேல் ஒடிசாவிலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி கியோஞ்சர், சுந்தர்கர் மாவட்டங்களிலிருந்து. பர்பில் பக்கத்துக் கல் ஒன்றை நான் இன்னும் வீட்டில் வைத்திருக்கிறேன். கைக்கு அடக்கமான கல்தான், ஆனால் தூக்கும்போது மணிக்கட்டு இறங்கும். காந்தம் ஒட்டாது. சிமெண்டுத் தரையில் தேய்த்தால் காவி நிறத்தில் கோடு விழும். நல்ல தாதுவில் இரும்பு 60 சதவீதத்தைத் தாண்டும். குரோமியத்தின் தாதுவான குரோமைட் கிட்டத்தட்ட முழுக்கவே ஜாஜ்பூர் மாவட்டத்துச் சுகிந்தா பள்ளத்தாக்கில் இருந்துதான். நாம் சோறு போட்டுச் சாப்பிடும் எவர்சில்வர் தட்டு இந்தியாவில் உருக்கியது என்றால், அதைத் துருப்பிடிக்காமல் காக்கும் குரோமியம் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தாக்கின் மண். கோராபுட்டில் பாக்சைட், தால்ச்சேரிலும் ஈப் பள்ளத்தாக்கிலும் நிலக்கரி, வெளியே அனுப்பப் பாரதீப், தாம்ரா துறைமுகங்கள்.

இந்தப் பட்டியல் எல்லா விளம்பரத் தாளிலும் இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. ஒரு வரைபடத்தை விரித்து, எந்தக் கனிமம் எதன் பக்கத்தில் இருக்கிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். அலுமினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அதனால் பாக்சைட் இருக்கும் மலையைவிடக் கரி இருக்கும் பள்ளம்தான் உலைக்கு முக்கியம். 1981-இல் தொடங்கிய மத்திய அரசின் அலுமினிய நிறுவனம் நால்கோ இதைச் சரியாகச் செய்தது. கோராபுட்டின் பஞ்ச்பத்மாலி மலையில் வெட்டி, பக்கத்துத் தாமன்ஜோடியில் அலுமினா என்ற வெள்ளைத் தூளாக்கி, அதை ரயிலில் ஏற்றி, தால்ச்சேர் கரிக்கு அருகே இருக்கும் அங்குல் உலைக்குக் கொண்டுபோகிறார்கள். மேட்டூருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கரிச் சுரங்கம் இல்லை. எஃகுக்கும் இதே கேள்விதான்: தாது, கரி, தண்ணீர், ரயில், துறைமுகம் இந்த ஐந்தில் நூறு கிலோமீட்டருக்குள் கிடைப்பவை எத்தனை? உலைக்கு வேண்டிய கோக் கரியில் பெரும்பகுதி இன்னமும் கப்பலில்தான் வருகிறது என்பதால் துறைமுகத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுங்கள்.

இவ்வளவு இருந்தும் அந்த ஊர் ஏன் இத்தனை காலம் பின்தங்கியது என்று கேட்டான் அண்ணன் மகன். 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை எஃகுக்கு நாடு முழுக்க ஒரே விலை. ரயில் கூலியை அரசு சமப்படுத்திவிட்டது. ரூர்கேலா வாசலில் வாங்கினாலும் சேலத்தில் வாங்கினாலும் ஒரே விலை என்றால், பட்டறையை எதற்கு அங்கே போய்ப் போடுவார்கள்? நம் கோவை, சேலம் பட்டறைகள் தழைத்ததில் அந்தச் சலுகைக்கும் பங்கு உண்டு. அவர்கள் இழந்ததில் நமக்கும் கிடைத்தது என்பதை மறக்காமல் அங்கே போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இப்போது அந்தச் சமன் இல்லை. தாதுவுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு உண்மையிலேயே செலவு குறைவு. ஒடிசா மீது இன்று எனக்கு இருக்கும் நம்பிக்கைக்கு முதல் காரணம் அதுதான்.

அடுத்து, சுரங்கத்தில் பணம் போடலாமா? கூடாது. காரணத்தைக் கணக்கிலேயே காட்டுகிறேன். 2015-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு பெரிய கனிமங்களின் குத்தகை ஏலத்தில்தான் கிடைக்கும். நாக்பூரில் இருக்கும் இந்தியச் சுரங்கப் பணியகம் மாதாமாதம் சராசரி விலை வெளியிடுகிறது. அந்த விலையில் இத்தனை சதவீதம் அரசுக்குத் தருகிறேன் என்று ஏலம் கேட்க வேண்டும். கணக்குக்காக டன் 5,000 ரூபாய் என்று வையுங்கள். வெட்டும் தாதுவுக்காக அரசுக்குக் கட்டும் உரிமைத் தொகையான ராயல்டி, இரும்புத் தாதுவுக்கு 15 சதவீதம், 750 ரூபாய். சுரங்கப் பகுதி மக்களுக்கான மாவட்டக் கனிம நிதிக்கு ராயல்டியில் பத்தில் ஒரு பங்கு, 75 ரூபாய். ஏலம் 100 சதவீதத்துக்குப் போனால் இன்னொரு 5,000. ஆக 5,000 ரூபாய்ப் பொருளுக்கு 5,825 ரூபாய் அரசுக்கு. நான் மிகைப்படுத்தவில்லை, 2020-இல் ஒடிசாவில் 100 சதவீதத்தைத் தாண்டிய ஏலங்கள் நடந்தன. சொந்த உலை வைத்திருப்பவர் எஃகு லாபத்தில் அதை ஈடுகட்டப் பார்ப்பார். தாதுவை விற்றுப் பிழைப்பவருக்கு எப்படிக் கட்டும்? ஆகவே யாராவது வந்து, “பர்பில்ல ஒரு மைன்ஸ் இருக்கு, பத்து லட்சம் போட்டால் பங்கு” என்றால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வரியும் கூடும். ராயல்டி என்பது வரி அல்ல, கனிம உரிமை மீது மாநிலங்கள் தனியாக வரி போடலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. மாநில அரசுக்கு அது நல்ல வருமானம், சுரங்கக்காரருக்குச் செலவு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சீனா தாதுவை வாரி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் பழக்கமான ஒருவரோடு சேர்ந்து பர்பிலில் இரண்டு டிப்பர் வாங்கினேன். பாதிப் பணம் கடன். நாள் தவறாமல் லோடு ஓடியது, தவணை போக மீதியும் நின்றது. குத்தகைக் காகிதத்தை நான் கேட்டுப் பார்க்கவில்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம், குத்தகை முறையாகப் புதுப்பிக்கப்படாமல் ஓடிய 26 சுரங்கங்களை நிறுத்தச் சொன்னது. எங்கள் வண்டிகள் ஓடிய சுரங்கமும் நின்றது. மழைக்காலம் முழுக்க இரண்டு வண்டியும் சாலையோரம் செம்மண் சேற்றில் நின்றன. பின்சக்கரத்தில் புல் முளைத்திருந்ததைப் பார்த்த அன்று என் மனைவியின் ஆரத்தை அடகு வைக்க முடிவு செய்தேன். அதனால்தான் சொல்கிறேன், சுரங்கத்தோடு எந்த வகையில் தொடர்பு வைத்தாலும் குத்தகை முடியும் தேதியை முதலில் கேளுங்கள். கம்பெனிப் பங்கு வாங்குவதானாலும் இதே கேள்விதான். சொந்த உலைக்காகப் பெற்ற பழைய தனியார் குத்தகைகள் பலவற்றுக்கு 2030 மார்ச் 31 கடைசித் தேதி. அதற்குப் பிறகு ஏலத்தில் எடுத்தாக வேண்டும். மலிவுத் தாதுவால் வரும் லாபத்தைப் பார்த்து இன்று பங்கு வாங்குகிறவர், அந்தத் தேதியை ஆண்டறிக்கையில் தேடிப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

நிலம் வாங்கும் யோசனை இருந்தால் இன்னும் கவனம் தேவை. சுந்தர்கர் மாவட்டம் முழுவதும் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி. 1956-ஆம் ஆண்டின் இரண்டாம் ஒழுங்குமுறைப்படி அங்கே பழங்குடியினரின் நிலத்தைப் பழங்குடி அல்லாதவர் வாங்க முடியாது. வேறு ஒருவர் பெயரில் வாங்கித் தருகிறேன் என்பார்கள். அது அவர்களையும் ஏமாற்றுவது, உங்கள் பணத்தையும் கிணற்றில் போடுவது. இட்கோ என்ற மாநில அரசுக் கழகம் தொழிற்பேட்டைகளில் நிலத்தைக் குத்தகைக்குத் தருகிறது. ரூர்கேலாவுக்கு அருகில் கலுங்காவில் அப்படி ஒரு பேட்டை உண்டு. சிறு தொழிலுக்கு அந்த வழி போதும்.

அப்புறம், ஒப்பந்தம் கையெழுத்தான செய்தியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தென்கொரியாவின் எஃகுக் கம்பெனி போஸ்கோ 2005-இல் ஆண்டுக்கு 1.2 கோடி டன் எஃகு ஆலைக்கு ஒப்பந்தம் போட்டது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைத்த ஊர்கள் எதிர்த்தன. 2017-இல் அந்தக் கம்பெனி விலகிவிட்டது. கலிங்கநகரில் 2006 ஜனவரி 2 அன்று போலீஸ் சுட்டதில் நிலத்துக்காக நின்ற ஆதிவாசிகள் 13 பேர் இறந்தார்கள். நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்று கிராம சபைகளைக் கேட்கச் சொல்லி 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 12 கிராமங்களும் வேண்டாம் என்றன. ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் இருக்கும் மலையை வெட்டலாமா என்று நம்மைக் கேட்டால் நாம் என்ன சொல்வோமோ அதைத்தான் அவர்களும் சொன்னார்கள். ஊர் சம்மதிக்காத இடத்தில் போட்ட முதல் நிற்காது, நிற்கவும் கூடாது.

ஊர் நிலவரம் தெரிய அங்கே ஓட வேண்டியதில்லை. நம் பட்டறைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்! அண்ணன் மகனின் பட்டறையிலேயே சுந்தர்கர் பையன் ஒருவன் மூன்று வருஷமாக இருக்கிறான். அவன் ஊரில் என்ன ஆலை வருகிறது, தண்ணீர் எப்படி, யார் எதிர்க்கிறார்கள், கனிம நிதியில் ஆஸ்பத்திரி கட்டினார்களா என்று அதுவரை இவன் கேட்டதே இல்லை. ஒரு சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். இரண்டு மணி நேரம் பேசினான்.

சரி, பணத்தை எங்கேதான் போடுவது? சுரங்கமும் உலையும் மாதாமாதம் தேய்த்துத் தீர்க்கிற பொருளில் போடுங்கள். 22 வருஷத்தில் நான் கற்றது இது ஒன்றுதான். ஒரு டன் எஃகு எடுக்க ஏறத்தாழ 10 கிலோ உலைச் செங்கலும் பூச்சும் கரைகிறது. தாது விலை ஏறினாலும் இறங்கினாலும் உலை எரிகிற வரை அது கரைந்துகொண்டே இருக்கும். நம் கரட்டு வெள்ளைக்கல்லை (மேக்னசைட்) சுட்டுச் செய்த செங்கல் அத்தனை தூரம் ரயிலேறிப் போனது அதனால்தான். லேத் வைத்திருப்பவருக்குக் கன்வேயர் ரோலர், எந்திர வாளியை மாட்டும் பின்னும் புஷ்ஷும். வார்ப்புப் பட்டறைக்குக் கிரஷர் தாடைத் தகடு. தையல் யூனிட்டுக்குத் தொழிலாளர் சீருடை.

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லாவிட்டால் இன்றே செய்யுங்கள். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று விதி உண்டு. டெண்டர் முன்பணத்திலும் விலக்கு கிடைக்கும். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் ரூர்கேலா உருக்காலை, நால்கோ, மகாநதி நிலக்கரி நிறுவனம் இவற்றின் டெண்டர்களை மூன்று மாதம் வெறுமனே படியுங்கள், ஏலம் கேட்காதீர்கள். எந்த அளவு ரோலர் திரும்பத் திரும்ப வருகிறது என்று நோட்டில் குறியுங்கள். ஆர்டர் வந்தால் விலைக்கு முன்னால் பணம் தரும் நிபந்தனையைப் பாருங்கள். சட்டப்படி 45 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு, சிறு தொழில்களுக்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் நடைமுறையில் பில் மேசை மேசையாக நகரும். ஆறு மாதச் சம்பளமும் சரக்குப் பணமும் கையில் இல்லாமல் முதல் ஆர்டரை எடுக்காதீர்கள்.

அண்ணன் மகன் நோட்டுப் போட்டு மூன்று மாதம் படிக்கச் சம்மதித்தான். இரண்டு ரோலரை மாதிரிக்குக் கடைந்து, எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறான். தை பிறந்ததும் ஆலப்புழை–தன்பாத் எக்ஸ்பிரஸில் ரூர்கேலாவுக்கு இரண்டு டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், ஒன்று அவனுக்கு, ஒன்று அந்தச் சுந்தர்கர் பையனுக்கு.