சார்ஜ் தீர்ந்த பேட்டரியை அப்படியே போட்டு வைக்காதீர்கள்

பேட்டரியைச் சுத்தமாகத் தீர்த்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரை அது. இன்றைய செல்பேசிகளில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரியை ஒவ்வொரு முறையும் அடிவரை வற்றவிட்டால் அதன் ஆயுள்தான் குறையும். 20, 30 சதவீதம் இருக்கும்போதே சார்ஜ் போடுங்கள்.

என்றோ ஒரு நாள் செல்பேசி அணைந்துவிட்டதே என்று பதற வேண்டாம். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும் செல் (பேட்டரிக்குள் இருக்கும் மின்கலம்), 3 வோல்ட்டை நெருங்கும்போதே கருவி தன்னை நிறுத்திக்கொள்ளும். அந்த நிலையிலேயே அலமாரியில் மாதக்கணக்காகக் கிடப்பதுதான் கெடுதல். தானாகக் கசிவதும், பாதுகாப்புச் சுற்று குடிப்பதுமாகச் சேர்ந்து வோல்டேஜ் 2.5-க்கும் கீழே போய்விடும்.

செல்லின் எதிர்மின் முனையில் கிராஃபைட் பூசியிருப்பது மெல்லிய செப்புத் தகட்டின்மேல். செல் மிகவும் வற்றினால் அந்தச் செம்பு கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு பழைய இடத்தில் சீராகப் படியாது. கண்ட இடத்தில் படிந்து முள்ளாக வளரும். இரு முனைகளையும் பிரிக்கும் பிளாஸ்டிக் சவ்வை அது துளைத்தால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட். செல் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். சார்ஜ் போட்ட அன்றே நடக்க வேண்டும் என்றில்லை. பல நாள் ஒழுங்காக ஓடிய பிறகும் நடக்கலாம். எனக்கு அச்சம் தருவது இதுதான்.

அதனால், செத்த செல்லுக்கு வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து 'எழுப்புவதை' யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். நல்ல சார்ஜர், 3 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் செல்லுக்கு மிகக் குறைந்த மின்னோட்டத்தையே முதலில் கொடுக்கும். அதற்கும் வோல்டேஜ் ஏறாவிட்டால் நிறுத்திவிடும். அப்படி நிறுத்தினால் அதன் பேச்சைக் கேளுங்கள்.

மின்சார ஸ்கூட்டரில் இன்னொரு தவறு நடக்கிறது. கூடுதலாகச் சில கிலோமீட்டர் கிடைக்கும் என்று ஒவ்வொரு செல்லையும் கண்காணித்து, வற்றியதும் மின்சாரத்தை நிறுத்தும் பிஎம்எஸ் சுற்றைத் தாண்டி இணைப்புக் கொடுக்கிறார்கள். வரிசையாகக் கோத்த செல்களில் நலிந்த ஒன்று முதலில் வற்றும். மற்றவை தொடர்ந்து மின்சாரம் தள்ள, அதன் முனைகளே தலைகீழாக மாறிவிடும். மொத்த வோல்டேஜை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

நெடுநாள் பயன்படுத்தாத கருவியைப் பாதிச் சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.