வேற டிகிரி முடிச்சுட்டு லா படிக்கப் போறீங்களா? முதல் வருஷத்த இப்படித் தாண்டுங்க

கெமிஸ்ட்ரி டிகிரி முடிச்சு நாலு வருஷம் லேப்ல வேலை பாத்துட்டு அப்புறம்தான் நான் லா சேர்ந்தேன், அதனால வேற படிப்புல இருந்து வர்றவங்க யாராவது எப்படிப் படிக்கணும்னு கேட்டா எனக்கு உடனே அந்த முதல் மூணு மாசம்தான் ஞாபகம் வரும். ஒவ்வொரு வார்த்தையும் புரியும், ஆனா பக்கம் முடிஞ்சதும் என்ன படிச்சோம்னு கேட்டா சொல்ல வராது. நமக்கு மண்டைல ஏறலன்னு நினைச்சு மனச விட்டுடாதீங்க. பழைய படிப்பு பழக்கிவிட்ட வாசிப்பு இங்க உதவாது, அதுதான் விஷயம், அத மாத்திக்க கொஞ்ச நாள் ஆகும்.

சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். லா டிகிரி வேற, வக்கீலா தொழில் பண்ற தகுதி வேற. இந்தியால எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் மூணு வருஷ எல்.எல்.பி. சேரலாம், ஆனா தொழில் பண்ண பார் கவுன்சில்ல, அதாவது வக்கீலுங்கள பதிவு பண்ற அமைப்புல, என்ரோல் பண்றதோட ஆல் இந்தியா பார் எக்ஸாமும் பாஸ் பண்ணணும். அமெரிக்கால ஜே.டி.ங்கற லா டிகிரி ஏற்கெனவே ஒரு டிகிரி முடிச்சவங்க படிக்கிற படிப்புதான், அதனால அங்க கிளாஸ்ல கிட்டத்தட்ட எல்லாருமே நம்மள மாதிரி ஆளுங்க. இங்கிலாந்துல சொலிசிட்டர், அதாவது கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி பத்திர வேலை பாக்குற வக்கீல், ஆகுறதுக்கு 2021ல இருந்து எஸ்.க்யூ.இ.ங்கற தகுதி எக்ஸாமும் ரெண்டு வருஷ வேலை அனுபவமும் கேக்குறாங்க, டிகிரி எந்தப் பாடத்துல இருந்தாலும் பரவாயில்ல, ஆனா அதே ஊர்ல பாரிஸ்டர், அதாவது முக்கியமா கோர்ட்ல வாதாடற வக்கீல், ஆகணும்னா வேற டிகிரிக்காரங்க முதல்ல சட்ட அடிப்படைய சொல்லித்தர்ற ஒரு கன்வர்ஷன் கோர்ஸ் முடிக்கணும். அதனால எங்க தொழில் பண்ணப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணி, அந்த நாட்டு ரூல்ஸ படிச்சுட்டு அப்புறம் காலேஜ் தேடுங்க. தலைகீழா பண்ணிட்டு படிப்பு முடிஞ்சப்புறம் முழிக்கிறவங்கள நான் பாத்திருக்கேன்.

சரி, படிக்கிற விஷயத்துக்கு வருவோம். டோனஹ்யூ வெர்சஸ் ஸ்டீவன்சன்னு ஒரு கேஸ், 1932ல பிரிட்டன்ல அப்போ உச்ச கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் தீர்ப்பு சொன்னது, காமன் லா, அதாவது பழைய தீர்ப்புகள வச்சு வளர்ற இங்கிலீஷ் பாணி சட்டம், படிக்கிற யாரும் இதத் தாண்டாம போக முடியாது. ஸ்காட்லாந்துல பெய்ஸ்லிங்கற ஊர்ல 1928ல ஒரு அம்மா தோழியோட கஃபேக்கு போறாங்க, தோழி ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுக்கறாங்க, பாட்டில் உள்ள இருக்கறது வெளிய தெரியாத கலர், பாதி குடிச்சப்புறம் மிச்சத்த ஊத்தும்போது அழுகிப்போன நத்தை விழுந்துச்சு, உடம்பு சரியில்லாம போச்சுன்னு தயாரிச்சவர் மேல கேஸ் போடறாங்க. காசு கொடுத்தது தோழி, அதனால அந்த அம்மாவுக்கு யாரோடயும் ஒப்பந்தம் கிடையாது, ஒப்பந்தத்த வச்சு கேஸ் போட வழியில்ல.

கிளாஸ்ல இத சொன்னதும் நான் கைய தூக்கி, அந்த பாட்டில டெஸ்ட் பண்ணினாங்களா, நத்தை இருந்துச்சுன்னு எப்படி நிரூபிச்சாங்கன்னு கேட்டேன். லேப்ல இருந்து வந்த ஆளு வேற என்ன கேப்பேன். மேடம் பொறுமையா பதில் சொன்னாங்க: நத்தை இருந்துச்சான்னு எந்த கோர்ட்டும் கடைசி வரைக்கும் முடிவு பண்ணவே இல்ல, அந்த அம்மா சொல்றது அத்தனையும் உண்மைன்னே வச்சுக்கிட்டா தயாரிச்சவர் பொறுப்பாவாரா, இது மட்டும்தான் லார்ட்ஸ் முன்னாடி இருந்த கேள்வி. அஞ்சு ஜட்ஜுல மூணு பேர் பொறுப்பாவார்னு சொல்லி தீர்ப்பு வந்துச்சு, அப்புறம் விசாரணைக்கே போகாம சமரசத்துல முடிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி ஜட்ஜ்மெண்ட்ட மறுபடி எடுத்து, கோர்ட் முன்னாடி இருக்கற கேள்வி என்னன்னு மட்டும் தேடிப் படிச்சேன், மூணு மாசத்துல முதல் தடவையா ஒரு தீர்ப்பு முழுசா புரிஞ்சுது.

அதனால எந்த ஜட்ஜ்மெண்ட்ட எடுத்தாலும் கேள்விய முதல்ல கண்டுபிடிங்க. அப்புறம் என்ன நடந்துச்சு, கோர்ட் என்ன சொல்லுச்சு, ஏன் சொல்லுச்சு, இத ஒரே பக்கத்துல உங்க சொந்த வார்த்தைல எழுதுங்க, 'ஏன்'ங்கறதுக்கு பாதி பக்கம் ஒதுக்குங்க. தீர்ப்புக்கு அவசியமான காரணம் ரேஷியோ, போற போக்குல ஜட்ஜ் சொல்லிட்டுப் போறது ஒபிட்டர், இந்த ரெண்டையும் பிரிக்க கத்துக்கறதுலயே முதல் வருஷம் பாதி போயிடும், போகட்டும். ஒத்துக்காத ஜட்ஜுங்க எழுதினதையும் படிங்க, எதிர்வாதம் ரெடிமேடா அங்கதான் கிடைக்கும். மேல இருக்கற ஹெட்நோட்ட மட்டும் படிச்சுட்டு மூடிடாதீங்க, அது தீர்ப்புகள தொகுத்து வெளியிடறவங்க எழுதுற சுருக்கம், தீர்ப்போட பாகமே கிடையாது.

ஆக்ட் படிக்கிறது எனக்கு கேஸ விட சுலபமா இருந்துச்சு, இன்ஜினியரிங், கணக்கு படிச்சவங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். நேரா செக்‌ஷனுக்கு போகாம முதல்ல டெஃபனிஷன் பகுதிய படிங்க. அங்க 'மீன்ஸ்'னு இருந்தா பொதுவா அதோட முடிஞ்சுது, 'இன்க்ளூட்ஸ்'னு இருந்தா அந்த வார்த்தையோட சாதாரண அர்த்தமும் சேரும், அங்க பட்டியல் போட்டதும் சேரும். 'அண்ட்'டா 'ஆர்'ரா, 'ஷல்'லா (பொதுவா செஞ்சே ஆகணும்) 'மே'வா (செய்யலாம்), 'சப்ஜெக்ட் டு'ன்னு ஆரம்பிக்குதா 'நாட்வித்ஸ்டாண்டிங்'னு ஆரம்பிக்குதா, இதெல்லாம் பென்சில்ல வட்டம் போட்டுக்கிட்டே படிங்க. 'சப்ஜெக்ட் டு' வேற ஒரு செக்‌ஷனுக்கு அடங்கிப் போகும், 'நாட்வித்ஸ்டாண்டிங்' மத்தத தள்ளிட்டு முன்னாடி நிக்கும். கீழ ப்ரொவைசோ, அதாவது 'ஆனா இந்த மாதிரி இருந்தா மட்டும் வேற'ங்கற விதிவிலக்கு, இருந்தா அத விட்டுட்டு செக்‌ஷன் படிச்சேன்னு சொல்லவே கூடாது.

பழைய புத்தகம் வாங்கறவங்க ஜாக்கிரதை. இந்தியால 2024 ஜூலை 1ல இருந்து ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துருச்சு, கொலைக்கு தண்டனை சொல்ற 302 இப்போ 103. சீனியர் கொடுத்த நோட்ஸ்ல நம்பர் அப்படியே பழசா இருக்கும். ஆனா பழைய குற்றத்துக்கு பழைய சட்டம்தான்ங்கறதால ரெண்டும் தெரிஞ்சிருக்கணும்.

அடுத்து எக்ஸாம் எழுதுறது, மார்க் போறது பெரும்பாலும் இங்கதான். ஒப்பந்த சட்டத்துல முதல் டெஸ்ட், ஒரு கம்பெனி எங்க பொருள வாங்கி இத்தன நாள் யூஸ் பண்ணியும் குணமாகலன்னா இவ்வளவு பணம் தர்றோம்னு விளம்பரம் பண்ணுது, கேட்டு வந்தவருக்கு தரமாட்டேங்குது, ஒப்பந்தம் இருக்கான்னு கேள்வி. நான் நாலே வரி எழுதினேன், இருக்கு, கார்லில் கேஸ் 1893, கம்பெனி பணம் தரணும்னு. ஓரத்துல சிவப்பு மைல, 'இருக்கலாம். எப்படி வந்தீங்க?'ன்னு எழுதி திரும்பி வந்துச்சு. லேப்ல ரிசல்ட் சரியா வந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, இங்க மார்க் எல்லாம் அந்த 'எப்படி'க்குத்தான்.

அந்த பதில இப்போ எழுதச் சொன்னா இப்படி எழுதுவேன். பிரச்சனை என்ன: இது உலகத்துல யாரு வேணா ஏத்துக்கக்கூடிய ஆஃபரா, இல்ல வெறும் விளம்பரப் பேச்சா. விதி என்ன: கார்லில் கேஸ்ல ஸ்மோக் பால்ங்கற மருந்துப் பொருள யூஸ் பண்ணியும் ஃப்ளூ வந்தா 100 பவுண்டு தர்றோம்னு சொன்னதோட பேங்க்ல 1000 பவுண்டு போட்டிருக்கோம்னும் கம்பெனி சொல்லியிருந்துச்சு, அத வச்சுத்தான் நிஜமாவே கட்டுப்பட நினைச்சிருக்காங்கன்னு கோர்ட் எடுத்துக்கிச்சு. பொருத்திப் பாக்குறது: நம்ம கேள்வில டெபாசிட் பத்தி ஒரு வார்த்தை இல்ல, அப்போ கம்பெனி வக்கீல் அத பிடிச்சுப்பார், பணம் கேக்கறவர் பக்கம் விளம்பரத்துல தொகையும் நாள் கணக்கும் எவ்வளவு தெளிவா இருக்குன்னு காட்டணும். கடைசியா முடிவு. இஷ்யூ, ரூல், அப்ளிகேஷன், கன்க்ளூஷன், இந்த வரிசைய முதல் எழுத்துகள சேர்த்து ஐராக்னு சொல்வாங்க. ரெண்டு பக்கமும் சொன்னா குழப்பறோமோன்னு நமக்குத் தோணும், ஆனா நாளைக்கு தொழில்ல செய்யப் போறதே அதான்.

பழைய டிகிரிய தூக்கிப் போட்டுடாதீங்க. சயின்ஸ், இன்ஜினியரிங்னா பேட்டண்ட், அதாவது கண்டுபிடிப்பு உரிமை, பக்கம் பாருங்க, இந்தியால அதுக்கு விண்ணப்பம் போட்டுத் தர்ற பேட்டண்ட் ஏஜெண்ட் ஆக எக்ஸாம் எழுதவே அந்த டிகிரி வேணும். நர்ஸா இருந்தவங்க மருத்துவ அலட்சிய கேஸ்ல கேஸ் ஷீட்ட படிக்கிற வேகம் வேற யாருக்கும் வராது. அக்கவுண்ட்ஸ் தெரிஞ்சவங்களுக்கு டாக்ஸும் கம்பெனி லாவும் பாதி தெரிஞ்ச மாதிரிதான். இலக்கியம், வரலாறு படிச்சவங்க கவலையே படாதீங்க, நீளமா வாசிச்சு அர்த்தம் பிரிக்கிறத நீங்க ஏற்கெனவே பல வருஷம் பண்ணிட்டீங்க.

வேலை பாத்துக்கிட்டே படிக்கிறவங்க அட்டெண்டன்ஸ் ரூல சேர்றதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிப் படிச்சிடுங்க, யாராவது பாத்துக்கலாம்னு வாய்ல சொன்னத நம்பாதீங்க.

முதல் செமஸ்டர் லீவுல ஒரு நாள் கோர்ட்டுக்கு போங்க, ஓப்பன் கோர்ட் விசாரணைய பொதுவா யாரும் உக்காந்து பாக்கலாம். பின் வரிசைல உக்காந்து வக்கீலுங்க சொல்ற செக்‌ஷன் நம்பர், கேஸ் பேர் மட்டும் ஒரு நோட்ல குறிச்சுக்கோங்க, ஜட்ஜ் எந்த இடத்துல நிறுத்தி கேள்வி கேக்கறாருன்னு பக்கத்துல ஒரு கோடு போடுங்க. வீட்டுக்கு வந்ததும் கோடு போட்ட செக்‌ஷன முதல்ல எடுத்துப் படிங்க.